மிஸி பதில்கள்: பிடித்து இழுக்கும் ஒரு சொல்

சென்ற இதழில் குழந்தைகளின் காய்ச்சலைப் பற்றி எழுதியபோது 'கன்வல்ஷன்' என்று ஓர் ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டு விளக்காமல் போய்விட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு பல கடிதங்கள் வந்திருக்கின்றன. மருந்து கேட்டு வந்த கடிதங்களை விடச் சொல்லைக் கேட்டு வந்தவையே அதிகம். இந்த மாதப் பக்கம் முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: மிஸி அம்மா, என் மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். அவளுடைய ஆங்கிலப் பாடத்திலும் நீங்கள் எழுதிய அந்தச் சொல்லின் வினை, 'கன்வல்ஸ்', வந்தது. அகராதியில் 'பலமாகக் குலுங்குதல்' என்று இருந்ததாம். அதை வைத்து மூன்று வாக்கியம் எழுதினாள். எங்கள் வீட்டுப் பழைய மின்காற்றாடி கன்வல்ஸ் ஆகிறது. கேமரன் மலைக்குப் போனபோது பாட்டி குளிரில் கன்வல்ஸ் ஆனார். பெர்ரிப் படகு கரையைத் தொடும்போது கன்வல்ஸ் ஆனது. மூன்றுக்கும் ஆசிரியர் தப்பு போட்டுவிட்டார். அகராதியில் உள்ளதைத்தானே எழுதினாள்? அந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்றும் சொல்லுங்கள். (ஒரு தந்தை, பட்டர்வொர்த்)

அண்ணே, மகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த அகராதி பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டது. பலமாகக் குலுங்குவது உண்மைதான். ஆனால் யார் குலுக்குகிறார்கள், குலுங்குகிறவருக்கு அதில் ஏதாவது பிடி இருக்கிறதா என்பதில்தான் இந்தச் சொல்லின் மற்ற பாதி இருக்கிறது.

நான் 34 வருடம் தாதியாக, இங்கே சொல்வதுபோல் மிஸியாக, இருந்தேன். அதில் பெரும்பகுதி குழந்தைகள் வார்டில். காய்ச்சல் ஏறிய ஒரு பிள்ளை திடீரென்று விறைக்கும். கண் மேலே செருகிக்கொள்ளும். பல் கிட்டிக்கொள்ளும். அப்புறம் கையும் காலும் ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுக்கும். தாய் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், பிள்ளை திரும்பாது. நாம் கையைப் பிடித்து அமுக்கினாலும் நிற்காது. தசைகள் இறுகுவதும் தளர்வதும் பிள்ளையின் பிடியிலும் இல்லை, நம் பிடியிலும் இல்லை. இதுதான் கன்வல்ஸ். உடம்பை உடையவரிடமிருந்து வேறு ஏதோ ஒன்று பறித்துக்கொண்டு ஆட்டுகிற மாதிரி இருக்கும்.

இப்போது மகளின் வாக்கியங்களைப் பாருங்கள். பாட்டிக்கு மலையில் குளிர். உடம்பு வெடவெடக்கிறது, ஆனால் 'கம்பளி வேணுமா பாட்டி' என்று கேட்டால் 'கொண்டா' என்று பதில் வரும். அது ஷிவர். காய்ச்சலில் கட்டிலே ஆடும் அளவுக்கு உடம்பு தூக்கிப் போடும்போதும் ஆள் பேசுவார், போர்வையை இழுத்துக்கொள்வார். அதை வார்டில் ரிகர் என்போம். கன்வல்ஸ் என்று குறிப்பில் எழுதிவிட்டால் டாக்டர் ஓடி வருவார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலத் தெரியும். கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

காற்றாடிக்குத் தசை இல்லை. அது அதிர்ந்தால் வைப்ரேட், கடகடவென்று ஓசை போட்டால் ராட்டில், ஒரு பக்கமாகத் தள்ளாடினால் வாபிள்.

பெர்ரி வாக்கியம் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் நடுவே அந்தப் பெர்ரியில்தான் நான் பல வருடம் வேலைக்குப் போய் வந்தேன். பாலம் 1985-இல் திறந்த பிறகும் இரவு வேலை முடிந்து வரும்போது எனக்குப் பெர்ரிதான். கரை நெருங்கும்போது இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டுவார்கள். அடித்தட்டிலிருந்து மேல்தட்டு வரை ஓர் உதறல் வந்து காலில் ஏறும். நிறுத்தி வைத்த மோட்டார்களின் கண்ணாடியெல்லாம் நடுங்கும். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அந்தப் பழைய இரட்டைத்தட்டுப் பெர்ரிகள் ஓய்வு பெற்றன. இன்னும் அந்த உதறல் என் காலுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஷடர் என்றோ ஜடர் என்றோ சொல்ல வேண்டும். ஷடர் மனிதருக்கும் வரும், பயத்திலும் அருவருப்பிலும் உடம்பு ஒருமுறை சிலிர்த்து உதறுவது. ஜடர் பெரும்பாலும் வண்டிக்கும் இயந்திரத்துக்கும்தான்.

நோயைத் தவிர வேறு எங்கே கன்வல்ஸ் வரும் என்றும் மகள் தெரிந்துகொள்ளட்டும். அடக்க முடியாத சிரிப்புக்கு வரும். கூட்டமே சிரிப்பில் கன்வல்ஸ் ஆனது என்றால், நாம் வயிறு குலுங்க, விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்கிறோமே, அது. வலியிலோ ஆத்திரத்திலோ அழுகையிலோ முகம் கோணி இழுத்துக்கொண்டாலும் வரும். ஒரு நாட்டையோ சந்தையையோ நிலைகுலைய வைத்த நிகழ்ச்சிக்கும் வரும். 1997-இல் ஆசிய நாணய நெருக்கடி இந்த வட்டாரத்தையே கன்வல்ஸ் செய்தது என்று எழுதலாம். ரிங்கிட் எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் தவித்து, 1998 செப்டம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று அரசாங்கம் கட்டிப்போட வேண்டி வந்ததே, அந்த மாதிரிக் குலுக்கல். இவை எல்லாவற்றிலும் பிடி கையை விட்டுப் போய்விடுகிறது. மகள் 'அண்ணனின் கதையைக் கேட்டுக் குடும்பமே சிரிப்பில் கன்வல்ஸ் ஆனது' என்று எழுதியிருந்தால் ஆசிரியர் சரி போட்டிருப்பார்.

உச்சரிப்பும் கேட்டிருந்தீர்கள். 'வல்'லில் அழுத்தம் வர வேண்டும். கன்-வல்ஸ். முதல் அசையை மெதுவாக விட்டுவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சுகாதாரக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறோம். 'கன்வல்ஷன்' என்பதற்குச் சிலர் வலிப்பு என்கிறார்கள், சிலர் இழுப்பு, இன்னும் சிலர் வெட்டு. எதை எடுப்பது? (ஓர் ஆசிரியை, சுங்கை பக்காப்)

தங்கச்சி, இதற்கு நான் ஒரு கதையோடுதான் பதில் சொல்ல முடியும். அந்தக் கதையில் தவறு செய்தவள் நான்.

1983-இல், பெருநிலத்தில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. தோட்டத்திலிருந்து வரும் தாய்மார்களுக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது. நடுவில் நான். ஒரு ராத்திரி லாரியில் ஏறி வந்த ஓர் அம்மா, இரண்டு வயதுப் பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். 'பிள்ளைக்கு இழுப்பு வந்துருச்சி மிஸி, ரெண்டு தடவ வந்துருச்சி' என்றார். எங்கள் வீட்டில் இழுப்பு என்றால் என் தாத்தாவுக்கு வந்த மூச்சிழுப்பு. ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். எனக்குத் தெரிந்த இழுப்பு அது ஒன்றுதான். ஒரு நொடிகூட யோசிக்காமல் 'வீசிங்' என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் ஸ்டெதஸ்கோப்பை முன்னும் பின்னும் வைத்துக் கேட்டார். மறுபடியும் கேட்டார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், 'நெஞ்சில இல்ல மிஸி' என்றார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே தன் இரண்டு கைகளையும் முழங்கையில் மடக்கி, முஷ்டியை இறுக்கி, வெட்டி வெட்டி இழுத்துக் காட்டினார். கண்ணை மேலே செருகிக் காட்டினார். அவர் காட்டி முடிக்கும் முன்பே பிள்ளையின் வாய் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்து, மூன்றாவது முறை எங்கள் கண்முன்னாலேயே வந்துவிட்டது. ஊசி போட்டு நின்றது. காய்ச்சலால் வந்த வலிப்பு. பிள்ளை ஐந்தாம் நாள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. ஆனால் நெஞ்சைத் தேடிய அந்தச் சில நிமிடங்கள் என் ஒரு சொல்லால் போனவை. 40 வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த அம்மாவின் கைகள் எனக்கு மறக்கவில்லை.

அன்றிலிருந்து யார் 'இழுப்பு' என்று சொன்னாலும் 'எது இழுத்துச்சி, மூச்சா, கை காலா' என்று கேட்காமல் நான் மொழிபெயர்த்ததே இல்லை. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கும் முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அதனால் கையேட்டுக்கு வலிப்பு என்றே எழுதுங்கள். 'வெட்டு' என்பது அந்த இழுவையில் வரும் ஒவ்வொரு துடிப்பையும் அழகாகக் காட்டும் சொல். பேச்சில் அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் அச்சில் தனியாகப் பார்த்தால் வெட்டுக்காயம் என்று நினைத்துவிடுவார்கள். இழுப்பின் கதையைத்தான் சொல்லிவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பெரிய ஆங்கில அகராதியில் இந்தக் கன்வல்ஸின் வேரைத் தேடிப் பார்த்தேன். லத்தீனில் 'வெல்லெரே' என்ற வினையிலிருந்து வந்திருக்கிறது. பொருள் என்ன தெரியுமா? இழுத்தல், பிடுங்குதல். முன்னால் உள்ள 'கன்' அந்த இழுவைக்கு இன்னும் வேகம் கொடுக்கிறது. நம்முடைய வலிப்பைப் பாருங்கள். வலி என்றால் இன்று நோவு என்றுதான் முதலில் நினைக்கிறோம். திருக்குறளில் வலியறிதல் என்ற அதிகாரத்தில் அது வலிமை. ஆனால் வலித்தல் என்ற வினைக்கு இழுத்தல் என்ற பழைய பொருள் உண்டு. துடுப்பு வலிக்கிறான் என்றால் துடுப்பை இழுத்துப் படகை ஓட்டுகிறான். மலையாளத்தில் இன்றைக்கும் வலிக்குக என்றால் இழுப்பதுதான். கை காலைப் பிடித்து இழுப்பதால் அது வலிப்பு.

பக்கத்து வீட்டு மலாய்க்காரக் கிழவி, மக்சிக்கிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார்? 'சாவான் தாரிக்.' சாவான் என்றால் வலிப்பு. தாரிக் என்றால் இழு. கடையில் நாம் கேட்டு வாங்கிக் குடிக்கும் தே தாரிக்கில், அந்த இழுத்து ஆற்றிய தேநீரில், உள்ள அதே தாரிக். ரோமிலும் தமிழ்நாட்டிலும் மலாய்க் கிராமத்திலும் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே, துடிக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்த தாய்மார்கள் 'யாரோ இழுக்கிறார்கள்' என்றே சொல்லியிருக்கிறார்கள். அகராதி 'குலுங்குதல்' என்றது. தாய்மார்கள் அதைவிடச் சரியாகச் சொல்லிவிட்டார்கள் என்பது என் கருத்து.

கேள்வி: என் தம்பிக்கு இந்த நோய் உண்டு. உறவினர்கள் 'காக்கா வலிப்பு' என்கிறார்கள். வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். காக்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? (ஒரு சகோதரி, பிறை)

காக்கைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, அம்மா. கால் கை வலிப்பு என்பதை வேகமாகச் சொல்லிச் சொல்லிக் காக்காய் வலிப்பு ஆகிவிட்டது என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகத்தான் படுகிறது.

ஆனால் வார்டில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். மலாய்ப் பேச்சில் இதைப் பன்றிப் பைத்தியம் என்ற பொருளில் சொல்லும் பழைய பெயர் உண்டு. சீனப் பேச்சில் ஆட்டுப் பைத்தியம் என்ற பொருளில் சொல்வார்கள். நாம் காக்கையைப் பிடித்தோம். மூன்று இனமும் ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பிராணியின் பெயரை மெதுவாக, வெட்கத்தோடு சொன்னார்கள். கல்யாணம் நின்றுபோகும், வேலை கிடைக்காது என்ற பயம் அந்தப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூளையில் மின்னோட்டம் சிறிது நேரம் தாறுமாறாகப் போவதால் வரும் ஒரு நோய் இது. கால் கை வலிப்பு என்று முழுதாகச் சொல்லுங்கள். உறவினர் காக்கா என்றால் அங்கேயே திருத்துங்கள். உங்கள் தம்பி காதால் கேட்கும்படி திருத்துங்கள்.

சாவியைப் பற்றி: பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் யாரோ ஓடிப்போய் இரும்பைத் தேடி எடுத்து வந்து திணிப்பதற்குள் அது நிற்கும் நேரமும் வந்துவிடும், பெயர் இரும்புக்குப் போகும். இறுகிய விரலுக்குள் சாவியைத் திணித்தால் கை கிழியும், அவ்வளவுதான். வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது. அமுக்கிப் பிடிக்கக் கூடாது. சுற்றியுள்ள நாற்காலி மேசையை நகர்த்துங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், துடிப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால், அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

கேள்வி: தைப்பூசத்தில் தண்ணீர்மலையில் அருள் வந்து ஆடுகிறவர்களை ஆங்கிலத்தில் கன்வல்ஸ் ஆகிறார்கள் என்று என் அலுவலகத் தோழி சொன்னாள். மனசு சங்கடப்பட்டது. (ஒரு வாசகி, ஜோர்ஜ்டவுன்)

சங்கடப்பட்டது சரிதான். கன்வல்ஸ் என்றால் கேட்கிறவர் காதில் நோயாகத்தான் விழும். அருள் வந்தவர் உறுமி மேளத்தின் தாளத்துக்கு ஆடுகிறார், காலில் நிற்கிறார், மலைப்படி ஏறுகிறார், வேப்பிலையால் தட்டிக் கூப்பிட்டால் திரும்புகிறார். வலிப்பு கண்டவரால் இதில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது. டிரான்ஸ் என்ற சொல்லைத் தோழிக்குச் சொல்லிக் கொடுங்கள், உடம்பின் நடுக்கத்துக்கு டிரெம்பிள் போதும். 'அருள்' என்ற சொல்லையும் அப்படியே சொல்லுங்கள். பினாங்கில் இத்தனை வருடம் ரதத்துக்குப் பக்கத்தில் நின்று தேங்காய் உடைக்கும் சீன நண்பர்களுக்கு அந்தச் சொல் புரியாமல் போகாது.

ஒன்றை மட்டும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒருவர் விறைத்து விழுந்து, வாயில் நுரை தள்ளி, கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடந்தால், அருள் என்று விபூதி பூசிக்கொண்டு நிற்காதீர்கள். முதலுதவிக் கூடாரத்துக்கு ஆள் அனுப்புங்கள்.

கேள்வி: நிலநடுக்கத்துக்குக் கன்வல்ஸ் போடலாமா? (ஒரு மாணவர், ஆயர் ஈத்தாம்)

போடலாம், அளவு பார்த்துப் போட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் சுமத்ராவுக்கு அப்பால் கடலடி உடைந்தது. அந்த இடத்தில் பூமி கன்வல்ஸ் ஆனது என்று எழுதினால் மிகை இல்லை. அதே நேரம் பினாங்கில் அடுக்குமாடி வீடுகளில் இருந்தவர்கள் விளக்கு ஊஞ்சல் ஆடுவதைப் பார்த்தார்கள், தலை சுற்றுவதாக நினைத்தார்கள். அது டிரெமர், ஸ்வே. மதியம் கடல் ஏறி வந்து இங்கே 52 பேரைக் கொண்டுபோனது தனிக் கதை.

கேள்வி: பிட்ஸ், சீஷர், கன்வல்ஷன் மூன்றும் ஒன்றா? (ஒரு வாசகர், நிபோங் திபால்)

பேச்சில் ஒன்று. சீஷர் என்பது மூளையில் நடப்பது, கன்வல்ஷன் என்பது உடம்பில் தெரிவது. உடம்பு துளியும் ஆடாத சீஷரும் உண்டு. பாடம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆசிரியர் கனவு காண்கிறாள் என்று திட்டுவார். ஒரு நாளைக்குப் பல தடவை அப்படி நடந்தால் திட்டாமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பிட்ஸ் என்பது நாம் எல்லோரும் புழங்கும் பேச்சுச் சொல், மருத்துவமனையில் அதைச் சொன்னாலே போதும்.

கேள்வி: மிஸி அக்கா, பேரனுக்கு ஒன்றரை வயது. காய்ச்சலில் ஒரு தடவை வலிப்பு வந்துவிட்டது. பகலில் வீட்டில் நானும் அவனும்தான். மறுபடி வந்தால் போனில் என்ன சொல்வது? எனக்கு ஆங்கிலமும் வராது, மலாயும் கொஞ்சம்தான். (ஒரு பாட்டி, புக்கிட் மெர்தாஜம்)

பயப்படாதீர்கள் அக்கா. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, நூறு பிள்ளைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலில் இது வரும். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும். போனில் பேசுவதற்கு நீங்கள் இலக்கணம் பார்க்க வேண்டாம். 999 அடித்து 'அம்புலன்ஸ்' என்று கேளுங்கள். எடுத்தவரிடம் 'சுச்சு சாயா சாவான், டெமாம் பானாஸ்' என்று சொல்லுங்கள். என் பேரனுக்கு வலிப்பு, கடும் காய்ச்சல் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் பேசினால் 'பேபி பிட்ஸ்' என்றாலே போதும். அப்புறம் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, வீட்டு எண், ஜாலான் (சாலை), தாமான் (குடியிருப்பு) எல்லாம் சொல்லுங்கள். இதையெல்லாம் மருமகளிடம் சொல்லித் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி, போன் பக்கத்துச் சுவரில் இன்றைக்கே ஒட்டச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை நீங்கள் போனை வைக்காதீர்கள்.